சட்டியில் ரொட்டி விழுந்தால்

போன அத்தியாயத்தில் ஜூடித்தை மால் பார்க்கிங்கில், எஞ்சின் அணைத்த காருக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார வைத்துவிட்டு வந்தோம். பக்கத்து சீட்டில் மகள் செல்வி. பிளவுசுக்கு லைனிங் துணி வாங்கிவிட்டுத் திரும்பும்போது, துணியைப் பற்றிப் பேசின அதே குரலில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"அம்மா, ஐ'ம் நாட் மேரியிங் ஜார்ஜ். ரெண்டு தடவை மீட் பண்ணேன். ரெண்டு தடவையும் அவன் காரைப் பத்தியே பேசினான்."

"அப்பாகிட்ட நான் பக்குவமா சொல்றேன்டி."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை. அந்த சாக்லேட் சட்டி வர்றதுக்குள்ள."

"அது வந்துடுச்சுன்னா ஐ'ல் ஸே இட் மைசெல்ஃப். எல்லார் முன்னாடியும்."

அந்த வெள்ளிக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

சாக்லேட் சட்டி என்றால் என்ன என்று யாரும் ஜூடித்தின் கணவர் ராயப்பனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் போய்விடும். நாமே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபாண்டூ என்பது ஸ்விட்சர்லாந்துச் சாப்பாடு. மேஜை நடுவே சின்ன அடுப்பு, அதன்மேல் சட்டி, சட்டியில் உருகிய சீஸ். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு நீளக் கம்பியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். கடைசியில் சீஸ் சட்டியை எடுத்துவிட்டு, உருகிய சாக்லேட்டோடு இன்னொரு சட்டியை வைப்பார்கள். அதில் பழத்தை முக்க வேண்டும்.

அமெரிக்காவின் வான்கோழிப் பண்டிகையான தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், அவர்கள் ஊரான பிரிட்ஜ்வாட்டர் முழுக்க மிஞ்சின வான்கோழியைத் தீர்த்துக்கொண்டிருக்கையில், ராயப்பன் குடும்பம் மட்டும் ரூட் 22-இல் டயர் கடைக்கும் கார்ப்பெட் கடைக்கும் நடுவே இருக்கும் 'ஆல்ப்ஸ் இன்'னுக்குப் போய் ஃபாண்டூ சாப்பிடும். வெள்ளிக்கிழமை மாமிசம் ஆகாது என்ற கத்தோலிக்க வீட்டு ஒழுங்குக்கும் அது தோதாக இருந்தது. ராயப்பன் இதை "எங்க குடும்பப் பாரம்பரியம்" என்பார். இந்தப் பாரம்பரியம் பிறந்தது 1974-இல், கம்பெனி கிறிஸ்துமஸ் பார்ட்டிக் குலுக்கலில் ஒரு பச்சை ஃபாண்டூ சட்டி அவருக்கு விழுந்தபோது. முதல் இரண்டு வருஷம் ஜூடித் அதில் ரசம் சூடு பண்ணினாள்.

ஆபீசில் ராயப்பன் 'ரே'. மாத்திரை அட்டை செய்யும் பிரிவில் அசோசியேட் டைரக்டர். 'அசோசியேட்' விசிட்டிங் கார்டில் உண்டு, வாயில் வராது.

"ஃபாண்டூவை நான் ஸ்விட்சர்லாந்துல இருக்கும்போது கத்துக்கிட்டேன்" என்பார். அவர் அங்கே இருந்ததற்கு ஜூடித்தே சாட்சி. அறுபத்தேழில் அமெரிக்காவுக்கு வரும்போது விமானம் பழுதாகி, ஜூரிக் ஏர்போர்ட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கைக்குழந்தை செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றாள். ஏர்லைன் கொடுத்த கூப்பனுக்கு அவர் ஒரு சாண்ட்விச் வாங்கி வந்தார். அதில் சீஸ் இருந்தது என்பது முழுக்க உண்மை.

பாரம்பரியத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டால், ஆணாக இருந்தால் ஒரு பாட்டில் வைன் வாங்கித் தர வேண்டும், பெண்ணாக இருந்தால் பக்கத்திலிருப்பவருக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பாட்டில் ராயப்பனின் பர்சுக்கு ஒத்துவரவில்லை. முத்தம் சொந்த ஊரான தூத்துக்குடிக்கு ஒத்துவரவில்லை. யோசித்து, செலவும் சேதமும் இல்லாத ஒன்றாக மாற்றினார்: ரொட்டியைத் தவறவிட்டவர் உண்மை பேச வேண்டும். அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

செல்வி கணக்கில் வாங்கின 'டி', கராஜ் கதவை இடித்தது யார் என்பது, எல்லாம் இந்தச் சட்டிக்குள்ளிருந்துதான் வெளியே வந்தன. ராயப்பனின் ரொட்டி விழுந்ததே இல்லை. ஜூடித்தின் ரொட்டியும்தான்; அவள் நடுப்பஞ்சில் மட்டும் குத்தாமல், கெட்டியான மேலோட்டையும் சேர்த்துக் குத்துவாள், நழுவாது.

அப்படிப்பட்டவள்தான் இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை, அவர் ஷேவ் பண்ணும்போது.

"என்னங்க, செல்வி விஷயமா ஒண்ணு..."

"பட்டுப் புடவைதான். ஜார்ஜோட அப்பா மரிய அந்தோணி வீட்டுக்காரங்க ஹூஸ்டன்ல பெரிய ஆளுங்க. டாக்டர் ஃபேமிலி. ஞாயித்துக்கிழமையிலருந்து திருவருகைக் காலம், அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் நிச்சயதார்த்தம் பேச மாட்டோம்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்கு விட்டா போச்சு."

இரண்டாவது தடவை, கராஜில். அவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "ஃப்ரெண்ட்ஸ், டுநைட், டூ ஃபேமிலீஸ், ஒன் பாட்..." பாட் என்றதும் கையை எங்கே வைப்பது என்பதில் அவருக்குத் திருப்தி வரவில்லை.

"அவளுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"யாருக்கு? ரெஸ்டாரண்டா? அவ சின்ன வயசிலருந்து வர்ற இடம்தானே!" என்று ராயப்பன் துணியை உதறினார். "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். சாக்லேட் சட்டியோட கேக்கும் வரும். கேக்ல 'செல்வி அண்ட் ஜார்ஜ்'னு எழுதி, மெழுகுவத்தி வச்சு. அப்ப நான் எழுந்திரிப்பேன்."

சபையில் மறுத்துப் பேசினால் ராயப்பன் என்ன செய்வார் என்பது ஜூடித்துக்குத் தெரியும். அவருடைய சொந்தத் தம்பி ஐசக், சன்னிவேலில் இருக்கிறவன், ஒரு ஞானஸ்நான விருந்தில் நாலு பேர் நடுவே, "அண்ணே, அது ஜூரிக் ஏர்போர்ட்தானே?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் போன் கிடையாது, கிறிஸ்துமஸ் கார்டு கிடையாது. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட ராயப்பன் மனம் இறங்கவில்லை. செல்வி இன்று எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னால், இந்த வீட்டுக்கு இரண்டாவது ஐசக் அவள்தான். பெற்ற பெண்ணை அந்தப் பட்டியலில் பார்க்க ஜூடித்தால் முடியாது.

மூன்றாவது தடவை காரில். பின் சீட்டில் செல்வி, பச்சைப் பட்டில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"என்னங்க..."

"ஷ்! எக்ஸிட்!" என்றார் ராயப்பன்.

பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக: "ஸ்ட்ரைக் த்ரீ, அம்மா. மூணு சான்ஸும் போச்சு."

*

எடிசனில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்த விருந்தாளிகள் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். மரிய அந்தோணி, மயக்க மருந்து டாக்டர். மனைவி அல்போன்சா, நிமிர்ந்த முதுகும் நெஞ்சில் தொங்கும் மாதா மெடலுமாக. மகன் ஜார்ஜ், ஆஸ்பத்திரி கூப்பிட்டால் அடிக்கும் பீப்பரை இடுப்பில் செருகிய ஒரு இளம் டாக்டர்.

வட்ட மேஜையில் யார் எங்கே என்பதை ராயப்பனே தீர்மானித்தார். ஜூடித்துக்கு வலப்பக்கம் தான். தனக்கு அடுத்து மரிய அந்தோணி. அவருக்கு அடுத்து செல்வி, செல்வியை ஒட்டி ஜார்ஜ், ஜார்ஜுக்கு வலப்பக்கம் அவன் அம்மா. அல்போன்சாவுக்கும் ஜூடித்துக்கும் நடுவே ரொட்டிக் கூடை.

ஸ்விஸ் பாவாடை கட்டிய பணிப்பெண் டோனா சட்டியைக் கொண்டுவந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சுவரில் மாட்டு மணிகள். ஸ்பீக்கரில் யாரோ மலையுச்சியிலிருந்து வழி தவறியவர்போல் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல நான் காட்டுறேன்" என்று ராயப்பன் கம்பியைச் சுழற்றி, ரொட்டியை முக்கி, இழுபட்ட சீஸ் நூலை அறுத்து, அப்படியே வாயில் விட்டுக் கண்ணை மூடினார். பிறகு அதே கம்பியில் அடுத்த துண்டைக் குத்தினார்.

அல்போன்சா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வாயில வச்ச கம்பியையா மறுபடியும் சட்டியில விடுறீங்க?"

"அதுதான், சம்பந்தி, ஃபாண்டூ. ஒரே சட்டி, ஒரே குடும்பம்."

"எச்சிலாச்சே."

ராயப்பனின் கம்பி அதற்குள் சட்டியில் இறங்கிவிட்டது.

"ஸ்விட்சர்லாந்துல எல்லாம் அப்படிப் பார்க்க மாட்டாங்க" என்று ராயப்பன் சிரித்தார். "நான் அங்க இருந்தப்போ..."

"எங்க அண்ணன் சாமியாரா அந்த ஸ்விட்சர்லாந்துலதான், ஃப்ரிபோர்க்ல இருக்காரு. ரெண்டு மாசம் போயி இருந்துட்டு வந்தேன்" என்றாள் அல்போன்சா. "அங்க அந்தக் கம்பிய வாய்ல வைக்கவே மாட்டாங்க. தட்டுல உருவி வச்சிட்டு, வேற ஃபோர்க்ல எடுத்துச் சாப்பிடுவாங்க."

"அது... ஏரியாவுக்கு ஏரியா மாறும். நான் இருந்தது ஃப்ரெஞ்ச் பேசுற பக்கம்."

"ஃப்ரிபோர்க்லயும் ஃப்ரெஞ்ச்தான் பேசுறாங்க."

ராயப்பன் தண்ணீர் குடித்தார். ஜூடித் வழக்கம்போல் கணவருக்கு ஒத்தாசையாக ஏதாவது சொல்லியிருப்பாள். இன்றைக்கு அவள் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. ஒவ்வொரு தடவை ஆடும்போதும் உள்ளே கேக் தெரிகிறதா என்று பார்த்தாள்.

அல்போன்சா கம்பியைத் தொடவில்லை. கூடையிலிருந்து வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். மரிய அந்தோணியோ தலையெடுக்காமல் முக்கிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் ராயப்பன் சார். இந்தக் குழம்புல என்னமோ ஒரு வாசம் தூக்குது."

விட்ட மரியாதையைப் பிடிக்க ராயப்பனுக்கு வழி கிடைத்தது. "வெள்ளை வைன். அரை பாட்டில் ஊத்தி சீஸை உருக்குவாங்க. மேல செர்ரி பிராந்தி. அதுதான் சீக்ரெட்!"

அல்போன்சாவின் கை கூடையிலேயே நின்றது. "வேளாங்கண்ணியில நேர்ந்துக்கிட்டுக் குடிய விட்டவரு இவரு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"கொதிச்சா அதெல்லாம் ஆவியா போயிடும்" என்றார் மரிய அந்தோணி, மயக்க மருந்து நிபுணர் என்ற தகுதியில். அவசரத்தில் ரொட்டி கம்பியை விட்டுச் சட்டிக்குள் போய்விட்டது.

"ஆ!" ராயப்பன் எழுந்தே விட்டார். பாரம்பரியம் உயிர் பெற்றுவிட்டது. சட்டத்தை ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை விளக்கினார். பாட்டிலையும் முத்தத்தையும் தவிர்த்துச் சொன்னார். "மழுப்பக் கூடாது. யாரா இருந்தாலும் சரி. இந்த மேஜையில பொய்க்கு இடம் கிடையாது. செல்வி, நீதான் கேக்கணும்."

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்களுக்கு ரொட்டி பிடிச்சிருக்கா, வைனா?"

மரிய அந்தோணி மனைவியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"வைன்தாம்மா" என்றார்.

ராயப்பன் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. ஜார்ஜ் மட்டும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். வந்ததிலிருந்து அவன் முகத்தில் ஏற்பட்ட முதல் அசைவு அது. இன்றைக்கு அவன் காரைப் பற்றியும் பேசவில்லை. இரண்டு தடவை பீப்பரை எடுத்துப் பார்த்தான். அது அடிக்கவே இல்லை.

சட்டியில் சீஸ் இறங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் ஜூடித் கவனித்தாள். செல்வி ரொட்டியை ஓடு விட்டு, வெறும் பஞ்சில், முனையில் மட்டும் குத்தியிருந்தாள். சட்டிக்குள் விட்டு மெல்லச் சுழற்றினாள். கண் மட்டும் அம்மாவின் மேல். விழுந்தால் கேள்வி கேட்க வேண்டியவன் ஜார்ஜ். அவன் என்ன கேட்டாலும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது ஜூடித்துக்குத் தெரியும்.

ரொட்டி நழுவியது. ஜூடித்தின் கம்பி அதற்கு அடியில் போய்த் தாங்கிப் பிடித்தது.

"பார்த்தீங்களா!" என்றார் ராயப்பன். "அம்மாவும் பொண்ணும் எவ்வளவு ஒத்துமை!"

"அம்மா, லெட் கோ" என்றாள் செல்வி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாப்பிடுடி."

டோனா வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆர் வி ரெடி ஃபார் தி பிக் ஒன், ரே?" என்று கண்ணடித்தாள்.

"ஃபைவ் மினிட்ஸ்" என்று ராயப்பன் டையைச் சரிசெய்தார். கராஜில் திருப்தி வராத கையை எங்கே வைப்பது என்று இப்போது முடிவு செய்துவிட்டதுபோல், மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

செல்வி கம்பியைத் தட்டில் வைத்தாள். நாப்கினை மடித்தாள். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினாள். எழுந்திருக்கப் போகிறவள் செய்கிற எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள்.

கூடையில் ஒரே ஒரு துண்டு இருந்தது. ஜூடித் அதை எடுத்தாள். அல்போன்சா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓட்டை நகத்தால் உரித்து ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பஞ்சைக் குத்தினாள். சட்டிக்குள் விட்டாள்.

அது விழவில்லை. அடியில் இருந்த சீஸுக்கு ஆழமே இல்லை. ரொட்டி கம்பியில் நிமிர்ந்து நின்றது. ஜூடித் கம்பியைச் சட்டியின் விளிம்பில் வைத்து, கரண்டியிலிருந்து மாவை உதறுவதுபோல், டக்கென்று ஒரு தட்டு தட்டினாள்.

விழுந்தது.

"ஜூடித்!" ராயப்பனுக்கு நம்பவே முடியவில்லை. "நீயா?"

"நான்தாங்க."

"இத்தனை வருஷத்துல இவ விட்டதே இல்லை சம்பந்தி! பாருங்க, எப்பேர்ப்பட்ட நாள்ல விட்டிருக்கா." அவர் முகம் மலர்ந்தது. அறிவிப்புக்கு இதைவிட நல்ல முகவுரை கிடைக்குமா? அவர் எழுந்து நின்றார். கையை மார்பில் வைத்தார். "வலப்பக்கம் இருக்கிறது நான். நான்தான் கேக்கணும். ஜூடித், மழுப்பாம, உண்மையைச் சொல்லு. இந்தச் சம்பந்தத்துல நம்ம வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

ஜூடித் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

மலையுச்சிக்காரர் ஸ்பீக்கரில் ஒரு கூவல் கூவி ஓய்ந்தார்.

"செல்விக்கு இதுல இஷ்டம் இல்லை. புதன்கிழமையே எங்கிட்ட சொல்லிட்டா. உங்ககிட்ட சொல்ல வேண்டியது நான். இன்னைக்குக் காலையிலருந்து மூணு தடவை வாயெடுத்தேன். நீங்க கேக்கலை. இப்ப நீங்களே கேட்டுட்டீங்க."

ராயப்பனின் கை மார்பிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டது. "இட்'ஸ் ஒன்லி எ கேம்" என்றார், யாருக்கும் இல்லாமல். "சும்மா ஒரு விளையாட்டு."

"விளையாட்டா?" என்றாள் அல்போன்சா. "பாரம்பரியம்னீங்களே அண்ணே."

அவர் உட்கார்ந்தார். ஜூடித்தின் பக்கம் திரும்பவில்லை. ஐசக்குக்குக் கார்டையும் போனையும் நிறுத்தினார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருப்பவளுக்கு எதை நிறுத்துவார் என்று அவர் தேடுவது ஜூடித்துக்குத் தெரிந்தது. தேடட்டும். செல்வியின் நாற்காலி மறுபடி மேஜையோடு ஒட்டிக்கொண்டது. அவள் எழுந்திருக்கத் தேவை இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் அம்மாவைப் பார்த்த பார்வையில், இடுப்பிலிருந்து இறங்காமல் ஜூரிக்கில் வரிசையில் நின்ற குழந்தை இருந்தது.

"ஜூடித், எங்கிட்டயாவது ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்" என்றாள் அல்போன்சா. குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஹூஸ்டன்லருந்து டிக்கெட் எடுத்து வந்திருக்கோம். பையன் முகத்துல..."

சமையலறைக் கதவு ஆடியது.

டோனா முன்னால், சாக்லேட் சட்டியோடு. பின்னால் மேனேஜர், எரிகிற மெழுகுவத்திகளோடு கேக். கூடவே அடுப்பங்கரையிலிருந்து இரண்டு பேர், கோரஸாக வாழ்த்துப் பாடிக்கொண்டு. பக்கத்து மேஜைக்காரர்களும் கைதட்டினார்கள். கேக்கை நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் ஆவலோடு நின்றார்கள். யாரும் ஊதவில்லை. மெழுகு உருகி 'ஜார்ஜ்' மேல் சொட்டியது.

"சர்ப்ரைஸ்..." என்றாள் டோனா, சுருதி இறங்கிப்போய். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

அப்போதுதான் ஜார்ஜ் கையை நீட்டினான். தட்டிலிருந்து ஒரு ஸ்ட்ராபெரியை எடுத்தான். கம்பியில் குத்தினான். சாக்லேட்டுக்குள் விட்டான். கம்பியை மட்டும் வெளியே எடுத்தான்.

"அங்கிள்" என்றான் ராயப்பனிடம், முதல் தடவையாக. "உங்க ரூல் ரொட்டிக்கு மட்டுமா? பழத்துக்கும் உண்டா?"

ராயப்பன் வாயைத் திறந்தார். ஸ்விட்சர்லாந்தில் இதற்கு என்ன வழக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"உண்டு தம்பி" என்றாள் ஜூடித்.

ஜார்ஜ் வலப்பக்கம் திரும்பினான். காதுமடல் சிவந்திருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை.

"அம்மா, நீங்கதான் கேக்கணும். கேளுங்க."

மூன்று மணி நேரமாகச் சட்டிப் பக்கமே கையைக் கொண்டுபோகாத அல்போன்சா, நெஞ்சிலிருந்த மாதா மெடலை இறுகப் பிடித்துக்கொண்டாள். மகனுடைய முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணப் பேச்சு என்றாலே மகன் ஏன் ஒதுங்குகிறான் என்ற கேள்வி அவளிடம் இருந்தது என்பது மேஜையில் எல்லோருக்கும் தெரிந்தது. ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும்.